அவங்க ஊர் வெட்டு

எங்கள் அருங்காட்சியகத்தில் ஆளுக்கு ஏற்றபடி சட்டையைத் திருத்துவதில்லை. சட்டைக்கு ஏற்றபடி ஆளைத் திருத்துகிறார்கள்.

சட்டை என்றால் டப்லெட். ஐரோப்பிய ஆண்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உடம்போடு ஒட்டி அணிந்த இறுக்கமான மேலுடை. பொம்மைக்கு மாட்டினால் தொய்ந்துவிடும் என்பதால், அணிந்து நிற்க ஒரு பட்டதாரியைத் தேடினார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேலை கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

முதல் டப்லெட் இரும்புக் கவசத்துக்கு அடியில் போட்டது. கவசம் உறுத்தாதிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்தது. என் தோள் அதற்கு அகலம். தையல்காரர் லூர்துசாமி மாஸ்டர் அக்குளில் என்னைப் பிரித்து, அதிகமானதை வெட்டியெடுத்து, மறுபடி தைத்தார். வலிக்கவில்லை. காது மட்டும் கொஞ்சம் அடைத்தது.

இரண்டாவது, கவசத்தைக் கழற்றிவிட்டு டப்லெட்டையே வெளியே காட்டிக்கொண்ட காலத்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று இடுப்பைக் குறுக்கியிருந்தார்கள். என் இடுப்பும் குறுகியது. மூன்றாவதில் வயிற்றுப் பக்கம் அவரைக்காய் போலப் புடைத்து, நுனி கூராகத் தொங்கும். உள்ளே திணித்த பஞ்சுக்கு இடம் வேண்டுமென்று மாஸ்டர் என் வயிற்றை எடுத்தார். பசி நின்றது. மதியச் சாப்பாட்டு டோக்கனை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு என்னைக் கையோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். அண்ணன்காரன் சபையில் நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது பேசுவார்களாம். என் பழைய சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அது வழுக்கித் தரையில் விழுந்தது.

எங்கள் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பார்கள். பிறகு பிரித்தால் பெரிதாகும். என்னையும் அப்படித்தான் தைத்திருப்பார் என்று நம்பியிருந்தேன். பிரித்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

"உள்ள விட்டா இந்த இறுக்கம் வராது தம்பி," என்றார் மாஸ்டர். "அவங்க ஊர் வெட்டு அப்படி."

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வந்த அம்மா என்னைப் பார்க்காமலே கடந்து போனாள். நான்தான் கூப்பிட்டேன். என் தோளையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் திரும்பினாள்.

"இவன எப்படிய்யா சபையில நிறுத்துறது? மாப்பிள்ளை வீட்டுல ஃபேன் போட்டா பறந்துருவான் போல."

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வெட்டின துண்டு எதையும் தான் எறிவதில்லை என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான். தோளும் இடுப்பும் வயிறும் என்னுடையவை. மற்ற இடங்களில் காடாத் துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தது.

அம்மா அவன் அக்குளுக்குள் விரல் விட்டுத் தடவினாள்.

"உள்ள விட்டிருக்கா?"

"தாராளமா விட்டிருக்கேன்மா."

அவன் பசிக்கிறது என்றான். அம்மா அவசரமாகப் பையைத் திறந்து ஒரு அதிரசம் கொடுத்தாள். என்னிடம் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இருவரும் பஸ் பிடிக்கப் போனார்கள். வாசலில் அவன் பையை வாங்கிக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை நான்காவது டப்லெட் வந்து சேர்ந்தது. வர வரக் குட்டையாகி, நீண்ட கோட்டு வந்ததும் டப்லெட் வழக்கொழிந்துபோன காலத்தது அது. பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. மாஸ்டர் அந்த ஒன்றுமில்லாததை டேப்பால் கவனமாக அளந்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் கைகளைத் தூக்கிக்கொண்டேன்.