சிவப்புப் பசை

வண்டி மேட்டில் இழுக்காமல் போனதற்கு மச்சான்தான் காரணம் என்று ஸ்டோர்ஸ்காரர் முடிவே கட்டிவிட்டார். தொழிற்சாலைக் கிடங்குக்குப் பொறுப்பாளர் அவர். ஒரு நட்டு குறைந்தாலும் யார் பையில் போயிருக்கும் என்று யோசிக்கிற புத்தி. அது வேலை முடிந்து வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். போன மாதம் மனைவியின் தம்பி பிரேக் பார்த்துக் கொடுத்தான். இந்த மாதம் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை காலை வண்டியை அவனுடைய பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டூலை இழுத்து, திறந்த பானெட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள ஃபேன் ஓடுது மாமா. அங்க உக்காரலாமே?" என்றான் மெக்கானிக்.

"பரவாயில்ல மாப்ள. இங்க நல்லா காத்து வருது."

காற்று என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினான். ஸ்டோர்ஸ்காரர் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. புரியாததே அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

"வால்வு டைமிங் பின்தங்குதாம் மாமா. வேகத்துக்கு ஏத்தபடி வால்வு கொஞ்சம் முன்னாடி திறக்கணும். ஆயில் அழுத்தம்தான் வால்வைத் திறக்கிற சக்கரத்தைத் திருப்பி விடும். அந்த ஆயிலுக்கு வழி விடுறது இந்தச் சோலனாய்டு, கரண்ட்ல திறக்கிற குழாய் மாதிரி."

"அப்ப அதைப் புதுசா மாத்தணும்பே."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே!"

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தான். ஆயில் அளவாகவும் சுத்தமாகவும் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, சோலனாய்டின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தான். டிக் என்றது. மறுபடி கொடுத்தான். டிக். எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப தடுமாறணுமே," என்று முணுமுணுத்தான்.

"தடுமாறலைன்னா நல்லதுதானேப்பா?"

"இல்ல மாமா. சும்மா ஓடும்போது இதைத் திறந்தா எஞ்சின் திணறணும். சத்தம் வருது, திணறல. அப்படின்னா ஆயில் போய்ச் சேரல."

எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச்சை அடித்துக் குனிந்தவன், அப்படியே நின்றுவிட்டான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"மாமா, வண்டிய வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"ஏன்?"

"சுத்திலும் எல்லா போல்ட்டும் அழுக்கு. இது ஒண்ணு மட்டும் பளபளங்குது. யாரோ கழட்டியிருக்காங்க."

"போன மாசம் நீதானே கை வச்சே?"

"நான் பிரேக்கைத் தவிர எதையும் தொடல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை நம்பாமல் வேறு பட்டறைக்குப் போயிருக்கிறார் என்று அவன் நினைக்கிறான். பண்ணியதையும் பண்ணிவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று இவர் நினைக்கிறார். ஆனால் நேராகக் கேட்க முடியுமா? சொந்தமாகப் போய்விட்டதே.

போல்ட்டைக் கழற்றிச் சோலனாய்டை வெளியே இழுத்தான். அடிப்பாகத்தைச் சுற்றி, ஒழுகலை அடைக்கப் பூசும் பசை சிவப்பு நிறத்தில் அப்பியிருந்தது. அதன் துணுக்குகள் சின்ன வடிகட்டி வலையில் ரப்பர் போலப் பிதுங்கி அடைத்துக்கொண்டிருந்தன.

ஸ்டோர்ஸ்காரர் எழுந்தார். கால் மரத்துவிட்டது என்று நடப்பவர்போல நடந்து அலமாரியைத் துழாவினார். பசை டியூப்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் கறுப்பு. குப்பைத் தொட்டியையும் எட்டிப் பார்த்தார். சிவப்பு எங்கேயும் இல்லை.

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இவர் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும். பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கொஞ்ச நாளாகச் சொட்டுவதில்லை. தானாக நின்றுவிட்டது என்று இவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். எண்ணெய் எப்படித் தானாக நிற்கும்? வேலை விஷயமாக இவர் வெளியூர் போயிருந்தபோது வண்டி மனைவியிடம் இருந்தது. அவள் யாரிடமோ கொண்டுபோயிருக்கிறாள். யாரிடம்? ஏன் சொல்லவில்லை?

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை முடிந்து மதியம் அவளே பட்டறைக்கு வந்தாள். கிடங்கில் கேட்பதுபோலச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும் என்று இவர் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். வேலையே இல்லாமல் போயிற்று. மேசைமேல் கிடந்த சோலனாய்டைப் பார்த்ததும் அவள் வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ, உள்ள போயிடுச்சா?"

"அக்கா, நீயா?"

"பின்ன? ஒழுகுது ஒழுகுதுன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்! 'அடுத்த வாரம்க்கா, அடுத்த வாரம்க்கா'ன்னே. வீடியோ பாத்துட்டு நானே கழட்டிப் பூசினேன். ஒழுகல் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. வண்டியும் சேந்து நின்னிருக்கும். அதுக்கு ஒரு ரப்பர் வளையம் போதும்க்கா."

ஸ்டோர்ஸ்காரருக்கு நெஞ்சு லேசானது. லேசான இடத்திலேயே ஒரு முள்ளும் குத்தியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன ஆகும்? எந்தக் கடையில பசை வாங்கினே, யார் சொல்லிக் குடுத்தா, ஏன் சிவப்புன்னு ஆரம்பிப்பீங்க. வேலைய முடிக்கிறதா, உங்களுக்குப் பதில் சொல்றதா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் அவருக்கு உறைத்தது.

வலையைக் கழுவி, துவாரத்தில் காற்றடித்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். புது வளையத்தை அவளே பொருத்தினாள். தம்பி விலகி நின்றான். மறுபடி வயரைக் கொடுத்தபோது எஞ்சின் குலுங்கித் திணறியது. "இதான் வேணும்!" என்று அவன் கத்தினான்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. ஓட்டியவள் அவள். பக்கத்தில் இருந்த ஸ்டோர்ஸ்காரருக்குக் கேட்க நிறைய இருந்தது. வீட்டில் வேறு எதையெல்லாம் கழட்டியிருப்பாள்? போன வருஷம் தானாகச் சரியான வாஷிங் மெஷின்? வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நல்லா இழுக்குது," என்றார்.

"இழுக்குதுல்ல?" என்று அவள் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினாள்.