நதீஷா என்ன சாப்பிட்டாள்?

இன்பமலர் பாண் துண்டில் மாஜரினைப் பூசி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலோரம் நின்றபடியே தின்று முடித்தாள். யன்னலுக்கு வெளியே திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. வீட்டில் நல்ல சாப்பாட்டு மேசை ஒன்று, சுற்றிவரக் கதிரைகளோடு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன்மேல் புத்தகங்களும் கணினியும் குழந்தைகளை நிறுக்கும் தராசும் குடியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒருத்தி சாப்பிடுவதற்காக மேசையை ஒதுக்குவானேன் என்பது அவளுடைய கட்சி.

இத்தனைக்கும், மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை ஆராய்வதுதான் அவளுடைய தொழில். அதற்காகவே வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் வாங்கிவந்தவள். கீரையைப் பற்றியும் மீனைப் பற்றியும் அவள் பேசாத மண்டபம் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தச் சாதி. ஐம்பது வயதாகிவிட்டது. கலியாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருநாள் பேச்சே நின்றுவிட்டது. தாய் தகப்பன் இல்லை. கனடாவில் இருக்கும் தமையன் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். அவனும் காலநிலையைப் பற்றித்தான் கதைப்பான்.

மீன்பிடி ஊர்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏன் இரத்தம் குறைகிறது என்பது அவளுடைய நீண்டநாள் ஆராய்ச்சி. போன வருடம் கொழும்பில் ஒரு கட்டுரை வாசித்தாள். இந்த வீடுகளில் மீனுக்குக் குறைவில்லை, பெண்கள்தான் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அதன் முடிவு. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியும் மண்டபத்தில் இருக்கவில்லை.

அன்றைக்கு அவள் பஸ் ஏறியது நிலாவெளிக்கு. அங்கே நிக்கலஸ் என்ற மீனவனின் வீடு. மாதம் ஒருமுறை போகிற வீடுதான். அவன் மனைவி நதீஷாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். மகளைப் பெற்றபோது இரத்தம் அதிகம் போய், அவள் பிழைத்ததே பெரிய காரியம். இப்போதும் இரத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் இந்தமுறை தாயைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

"நேற்று விடியத் தொடக்கம் படுக்கும்வரை என்ன சாப்பிட்டனீங்கள், நதீஷா?" என்று இன்பமலர் வழக்கம்போலக் கேட்டாள்.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற நதீஷா வாய் திறக்குமுன் கதிரையில் இருந்த நிக்கலஸ் பதில் சொன்னான்.

"மீன்தான் மிஸ். எங்கட வீட்டில மீன் இல்லாத நாளே இல்லை. நேற்றுப் பாரை."

நதீஷா தலையாட்டினாள். இன்பமலர் குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிடாமல் போக விடமாட்டார்கள். நிக்கலஸும் அவன் தம்பி டிலுக்ஷனும் மகளும் இன்பமலரோடு மேசையில் இருந்தார்கள். நதீஷா நின்று பரிமாறினாள். நடுத்துண்டு மீன் விருந்தாளியின் சோற்றுக் கோப்பைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்பமலர் அதைச் சாப்பிட்டாள். மீன் அவளுக்குப் பெரிதில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே, மிஸ்?" என்று ஒரு குரல் கேட்கிறதே, அதற்காக அவள் மாதம் முழுவதும் காத்திருந்தாள். இதை வெளியே சொன்னால் ஆராய்ச்சியாளர் என்ற மரியாதை என்னாவது?

விடைபெற்று பஸ் தரிப்பிடம்வரை போனபிறகுதான் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி வந்தாள். நிக்கலஸும் தம்பியும் வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குழப்புவானேன் என்று பின்பக்கமாகக் குசினிக்குப் போனாள்.

நதீஷா பலகையில் தனியே இருந்தாள். மீன் காய்ச்சிய சட்டிக்குள் சோற்றைப் போட்டு, ஒட்டியிருந்த குழம்போடு பிரட்டிப் பிரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்பமலரைக் கண்டதும் சட்டியைப் பின்னால் தள்ளினாள்.

"மீன் முடிஞ்சுதோ?"

"எனக்கு மீன் அவ்வளவு விருப்பமில்லை மிஸ்."

"நேற்றுச் சாப்பிட்டனீங்கள் எண்டு சொன்னீங்களே."

"நான் சொல்லேல்லை, அவர்தான் சொன்னவர். வீட்டில காய்ச்சினது உண்மைதானே?"

"உங்களுக்கு என்ன வந்தது?"

"குழம்பு வந்தது. அவரும் தம்பியும் கடலுக்குப் போறவை. பிள்ளை வளருறவள். மிஞ்சினாச் சாப்பிடுவன். மிஞ்சுறேல்லை."

"இண்டைக்கும் மிஞ்சேல்லையோ?"

"இண்டைக்கு நீங்கள் வந்தனீங்கள்தானே."

குறையாகச் சொல்லவில்லை. விருந்தாளி வந்தது சந்தோஷம் என்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் இன்பமலருக்குத் தாங்கவில்லை. இந்தப் பெண்ணின் உடம்பில் ஏன் இரத்தம் இல்லை என்று ஆராய வந்தவள், இந்தப் பெண்ணின் பங்கை மாதாமாதம் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். போதாததற்கு, மாத்திரை போடவில்லை என்று பழியையும் போட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் நதீஷாவுக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த நிக்கலஸ் திகைத்துப்போனான்.

"என்ன மிஸ், நிலத்தில இருக்கிறீங்கள்? நதீஷா, கதிரை குடுக்கத் தெரியாதே?"

"கதிரை இருக்கட்டும் நிக்கலஸ். நதீஷா நேற்று என்ன சாப்பிட்டவ?"

"சொன்னன்தானே. மீனும் சோறும்."

"சாப்பிட்டதைப் பாத்தனீங்களோ?"

அவன் மனைவியைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான். "நான் சாப்பிட்டிட்டுப் படுத்திடுவன். அவ பிறகுதான் சாப்பிடுவா."

"சரி, அவ சாப்பிடுறதைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

நிக்கலஸ் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியது.

"கலியாணத்தண்டைக்கு," என்றான் மெல்ல. "கேக் ஊட்டினனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று மனைவியிடம் கேட்டான்.

"நீங்கள் கேக்கேல்லையே."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு இன்பமலர் பக்கம் திரும்பினான்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. உங்கட வீட்டில அம்மா எப்பிடிச் சாப்பிட்டவ?"

குத்திக்காட்டக் கேட்டதல்ல. தன்னைப்போல வேறு ஆட்களும் இருக்கிறார்களா என்று அறியக் கேட்டான். இன்பமலர் பதிலுக்காகத் தேடினாள். படிக்கிற பிள்ளை என்று தனக்கு முட்டை அவித்துத் தந்த கை தெரிந்தது. பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் சோற்றைக் குழைத்து நீட்டிய கை தெரிந்தது. அந்தக் கை தாயின் வாய்க்குப் போனதாக ஒரு ஞாபகமும் இல்லை. அம்மாவுக்கு எந்த மீன் விருப்பம் என்பதும் தெரியாது. உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் படித்த மகளுக்கு அது தெரியாது.

"தெரியாது நிக்கலஸ்," என்றாள். "நான் பாக்கேல்லை. இனிக் கேக்கவும் ஏலாது."

அதைச் சொன்னபோது, அந்தக் குசினியில் மூன்று பேர் இருந்தும், அவள் தன்னந்தனியாக இருந்தாள். நதீஷாதான் அவள் கையை ஒருதரம் தொட்டாள்.

நிக்கலஸ் வெளியே போனான். கரைவலை இழுத்த இடத்தில் கேட்டு வாங்கிய சாளை மீன்களோடு திரும்பி வந்தான். எழும்பப்போன மனைவியை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே கழுவி, தானே பொரித்தான். கடலில் கெட்டிக்காரன், அடுப்படியில் பாதி மீனைக் கருக்கிவிட்டான். கருகாதவற்றைப் பொறுக்கி நதீஷாவின் கோப்பையில் வைத்தான்.

நதீஷா ஒரு மீனை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பாக்காதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"பாக்கத்தான் வேணும்," என்றான் நிக்கலஸ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். முதலில் கொறித்தாள், பிறகு பசி வெட்கத்தை வென்றது. முள்ளை மட்டும் மிச்சம் விட்டு ஒவ்வொன்றாக அவள் சாப்பிட்டதை இன்பமலரும் பார்த்தாள். எத்தனையோ வருடம் மீன் சாப்பிடும் பெண்களைப் பற்றி எழுதியவள், அப்படி ஒருத்தி சாப்பிடுவதை அன்றுதான் கண்டாள்.

"கொழும்பில நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றாள். "திரும்பப் போய், பிழை எண்டு சொல்ல வேணும். இனி வீட்டில என்ன காய்ச்சினதெண்டு கேக்கமாட்டன். நதீஷாவைத் தனியக் கூப்பிட்டு, அவ வாய்க்கு என்ன போனதெண்டு கேப்பன்."

நிக்கலஸ் மனைவியின் கோப்பையில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

"வீட்டில காய்ச்சினா எல்லாரும் சாப்பிட்டதெண்டு நினைச்சிட்டம், மிஸ். அதுதான் பிழை. காய்ச்சினவள் சாப்பிட்டவளோ எண்டு பாத்திட்டுத்தான் மற்றவை எழும்ப வேணும்."