இறந்தவர் அனுப்பிய அட்டைகள்

அரிய குழந்தை நோய்களைக் கணக்கெடுக்கும் எங்கள் லண்டன் அலுவலகத்துக்குத் தலைவர் பேராசிரியர் லாத்பரி. நாட்டிலுள்ள குழந்தை மருத்துவர்களுக்கெல்லாம் மாதாமாதம் தபாலில் ஓர் அட்டை போகும். அதில் பதினொரு நோய்களின் பெயர் இருக்கும். பார்த்திருந்தால் எண்ணிக்கை எழுத வேண்டும், இல்லாவிட்டால் 'ஒன்றுமில்லை' கட்டத்தில் ஒரு டிக். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அட்டைகள் திரும்பி வந்தன. அதைச் சொல்லும்போதெல்லாம் தானே அத்தனை குழந்தைகளையும் பிழைக்க வைத்ததுபோல் அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்துவார்.

1994இல் இந்த ஏற்பாட்டை மதிப்பிடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மதிப்பீடு என்றால் லாத்பரிக்குப் பாராட்டுப் பத்திரம்.

"வேல்ஸ்ல புரோத்தரோன்னு ஒரு டாக்டர். ஏழு வருஷமா ஒரு அட்டை தவறல. அவர்கிட்ட ரெண்டு நல்ல வார்த்தை வாங்கிட்டு வாம்மா, முன்னுரைல போடலாம்" என்றார்.

போனேன். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரின் செயலாளர் நெரிஸ்தான் இருந்தாள். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவரு போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சே கண்ணு."

"அப்போ அட்டை?"

"நான்தான் டிக் போடுறேன். போடலேன்னா உங்க ஆளு காட்டமா லெட்டர் போடுறாரு. செத்துட்டாருன்னு ரெண்டு தடவை எழுதினேன். 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி'ன்னு அச்சடிச்ச பதில் வந்துச்சு."

"இங்க நிஜமாவே ஒரு கேஸும் இல்லையா?"

"ஏன் இல்ல? இந்த ஊர் லௌரியோட பொண்ணு இருக்காளே, உங்க அட்டையில இருக்குற நோய்தான். கைக்குழந்தையில தட்டம்மை, இப்ப எட்டு வயசுல மூளை கரையுது. பேச்சு போச்சு, நடை போச்சு."

"பின்ன ஏன் ஒண்ணுமில்லைன்னு போட்டீங்க?"

"'டாக்டர் பார்த்தாரா'ன்னுதானே கேக்குறீங்க? செத்தவர் எங்க பார்ப்பாரு?"

அந்தச் சிறுமியைப் பார்த்த புது டாக்டரின் பெயர் எங்கள் பட்டியலிலேயே இல்லை.

திரும்பி வந்து சொன்னேன். லாத்பரி கண்ணாடியைத் துடைத்தார்.

"அட்டை வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம் என்ன?"

மூன்று வாரம் ஆஸ்பத்திரிகளின் பரிசோதனைக் கூடங்களுக்குப் போன் செய்தேன். அந்த ஒரு நோயிலேயே ஒன்பது குழந்தைகள். அட்டைகளில் இருந்தவர்கள் நால்வர். எங்கள் பட்டியலில் இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளிநாடு போனவர்கள் என முப்பத்தொரு டாக்டர்கள். அறிக்கையில் எழுதினேன், லாத்பரி அந்தப் பக்கத்தையே கிழித்தார். தொண்ணூற்று நான்கு மட்டும் அச்சாகி, மாநாட்டில் கைதட்டலும் வாங்கியது. தட்டியவர்களும் டாக்டர்கள்தான்.

நாட்டிலேயே இந்த நோய் அவள் மகள் ஒருத்திக்குத்தான் என்று லௌரியிடம் சொல்லியிருந்தார்களாம். ஒன்பது பேர் என்பதையும் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்பதையும் புது டாக்டருக்கு எழுதினேன். இரண்டு தாய்மாரின் சம்மதத்தோடு லீட்ஸிலிருந்த இன்னொரு தாயின் தொலைபேசி எண்ணை அவர் லௌரியிடம் கொடுத்தார். முதல் நாளே மூன்று மணி நேரம் பேசினார்களாம். அடுத்த வசந்தத்தில் சிறுமி இறந்தபோது லீட்ஸ்காரி ரயிலேறி வந்து லௌரி பக்கத்தில் நின்றாள்.

புது டாக்டருக்கு நான் எழுதியது ஒழுங்கீனம் என்றார் லாத்பரி. வேலையை விட்டேன். அந்த ஆளிடம் சொல்லிக்கொள்ளக்கூடப் போகவில்லை.