இரண்டாம் முறை கட்டிய கருகமணி

1988இல் பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் சின்ன ஸ்டூடியோ நடத்திவந்த சுலைமான், தோளில் வைத்துப் பிடிக்கும் வீடியோ கேமரா ஒன்றை வாங்கினார். அதற்கு முன் வந்தவற்றில் ரெக்கார்டர் தனிப் பெட்டியாக இருக்கும். இன்னொருவர் அதைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வர வேண்டும். இதில் கேசட் கேமராவுக்குள்ளேயே போனது. ஒரே ஆள் போதும்.

நாசி கண்டார் என்ற சோறும் கறியும் விற்கும் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீன் தம் மகள் சலேஹாவின் கல்யாணத்துக்குப் பேச வந்தார்.

"தம்பி, பள்ளிவாசல்ல நிக்காஹ நீங்க எடுங்க. வீட்டுல பொம்பளைங்க பக்கம் பொம்பளதான் எடுக்கணும். இல்லாட்டி வேணாம் லா."

சுலைமான் பதில் சொல்வதற்குள், கவுண்டரில் படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி நூர்ஜான், "நான் எடுக்குறேன்" என்றாள்.

இரண்டு வாரம் பழகினாள். கேமரா மூன்று கிலோவுக்குக் குறையாது. சிவப்புப் பொத்தானை ஒரு முறை அமுக்கினால் பதிவாகும், மறுமுறை அமுக்கினால் நிற்கும். பதிவாகும்போது, கண் வைத்துப் பார்க்கும் குழாய்க்குள் சின்ன விளக்கு எரியும். அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

கல்யாணத்தன்று அலாவுதீன் வீட்டு மாடி அறையில் நிற்க இடமில்லை. நூர்ஜான் படியேறும்போதே அவசரத்தில் பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிட்டாள். அதிலிருந்து எல்லாம் தலைகீழானது. மூக்குக்கண்ணாடி இடித்ததால் குழாயில் சரியாகக் கண் வைக்கவில்லை, விளக்கைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் காமாரியா மணமகள் கழுத்தில் கருகமணி கட்டியபோது, கேமரா பதிவாகாமல் நின்றிருந்தது தெரியாமல் எடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்தாள். எடுத்து முடித்ததாக நினைத்துப் பொத்தானை அமுக்கி, கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தார்கள். கருகமணி இல்லை. கால் மணி நேரத்துக்குச் சுவரும் ஜன்னல் திரையின் ஓரமும்தான் தெரிந்தன. ஆனால் குரல்கள் தெளிவாகக் கேட்டன. அறையில் காமாரியாவும் அவளுடைய அக்காளும் மட்டும் இருந்திருக்கிறார்கள்.

"பொண்ணு டீச்சர் காலேஜுக்குப் போவுதாமே?"

"அதெல்லாம் நிக்காஹ் முடியிற வரைக்கும் சொன்னது லா, அக்கா. அடுத்த மாசம் பேர் பதியச் சொல்வாங்க. அப்ப எனக்கு உடம்பு சரியில்லேன்னு படுத்துக்குவேன். விட்டுட்டுப் போவுமா?"

சுலைமான் டேப்பை நிறுத்தினார். "இத அழிச்சிடு. நம்ம வேலை படம் புடிக்கிறது."

"புடிச்ச படத்துல இதுவும் இருக்கே" என்றாள் நூர்ஜான்.

சலேஹா படிக்கப் போகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். காலேஜில் இடம் கிடைத்துக் கடிதம் வந்த அன்று அலாவுதீன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார். டேப்பைக் கேட்ட நாள் முழுக்க நூர்ஜான் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு தன்னுடையது, அந்தத் தப்பினால் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். கேட்டபின் கேட்காதவள்போல இருக்க அவளால் முடியவில்லை.

முதலில் தன் தப்பைப் போய்ச் சொன்னாள். அலாவுதீன் கோபத்தில் எழுந்தே போய்விட்டார். காமாரியாவுக்கு அதைவிட வருத்தம். "நான் என் கையால கட்டினது! அது இல்லாம என்ன வீடியோ?" மறுபடி எல்லாரும் உடுத்தி வந்தால் ஒரு காசும் வாங்காமல் எடுத்துத் தருவதாக நூர்ஜான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

அதற்கு முன் சலேஹா விருந்துக்காகத் தகப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். நூர்ஜான் கேமராவோடு அங்கே போனாள். டிவியில் போட்டால் வீடே கேட்கும். அதனால் கேசட்டைக் கேமராவிலேயே ஓட்டி, காதுக்குள் வைக்கும் ஒயரைச் சலேஹாவிடம் கொடுத்தாள். சலேஹா குழாயில் கண்ணை வைத்துக் கறுப்பு வெள்ளையில் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்கு இது தெரியுமா அக்கா?"

"மாப்பிள்ளை இஸ்மாயில் குரல் இதுல எங்கயும் இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சலேஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத மாமிட்ட காட்டினா, அப்புறம் ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது? வாப்பாட்ட சொன்னா சண்டைதான்." பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை மறுபடி எடுக்குறீங்கல்ல? நான் போதும்னு சொல்ற வரைக்கும் கேமராவ நிறுத்தாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பினாங்கில் காமாரியா வீட்டில் இருபது பெண்கள் கூடினார்கள். சலேஹா கல்யாணப் புடவையை மறுபடி கட்டியிருந்தாள். நூர்ஜான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயில் கண்ணை அழுத்தி, விளக்கு எரிவதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். காமாரியா கருகமணியைக் கட்டினாள். முதல் தடவையைவிட நிதானமாக, முகம் கேமராவுக்குத் தெரியும்படி நின்று கட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சலேஹா மாமியாரின் கையை எடுத்து முத்தமிட்டாள். கையை விடவில்லை.

"மாமி, அடுத்த மாசம் காலேஜ்ல பேர் பதியணும். உங்க துஆவோட போகணும்னு ஆசை. ஒரு வார்த்தை சொல்லுங்க, கேசட்ல இருக்கட்டும்."

காமாரியா கேமராவைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். அவள் அக்காள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"யாரு வேணாம்னா?" என்றாள் காமாரியா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "போயிட்டு வா. நல்லாப் படி. வீட்ட நான் பாத்துக்குறேன்."

"போதும் அக்கா" என்றாள் சலேஹா.

நூர்ஜான் பொத்தானை அமுக்கி, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கினாள். அன்று மாலையே முதல் கேசட்டில் அந்தக் கால் மணி நேரப் பேச்சு அழியும்படி, அதன் மேல் லென்சை மூடி வைத்து வெறும் கறுப்பைப் பதிவு செய்தாள்.

பெயர் பதியும் நாளில் காமாரியாவுக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. இஸ்மாயில் மோட்டார்சைக்கிளில் சலேஹாவைக் கொண்டுபோய் விட்டான். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காமாரியா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். "என் மருமகள நான்தான் படிக்க அனுப்பினேன், பாருங்க" என்பாள். சில மாதங்களில் அதை அவளே நம்பிவிட்டாள் என்று சலேஹா நூர்ஜானிடம் சொல்லிச் சிரித்தாள்.

படிப்பு முடிந்ததும் சலேஹாவுக்குக் கடலுக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அவளும் இஸ்மாயிலும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். ஃபெர்ரி ஏறி, பஸ் மாறிப் போக வேண்டிய தூரம் என்று காமாரியா குறைப்பட்டாள். ஆனாலும் மாதம் இரண்டு முறை, கறி சமைத்து அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போய்வந்தாள்.