மிதிச்சுப் பிடிங்க, அண்ணி

போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு வேனுக்கடியில் மல்லாந்து நுழைந்தான் மெக்கானிக். உள்ளே கூடத்தில் அவன் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நேற்றுக் காலை ரொட்டி ஏற்றிக்கொண்டு போன வேன் ஒரு மதிலில் முட்டி நின்றது. ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த அண்ணனுக்கு உயிர் இல்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா மட்டும் ஒப்பவில்லை.

"பிரேக் பிடிச்சிருக்காதுய்யா. தம்பிக்காரன் கைவச்ச வண்டிதானே!" என்றார், அவன் காதுபடவே.

பத்து நாளைக்கு முன்னால் பிரேக் ஆயில் போகிற ஹோஸ் குழாய்களையெல்லாம் மாற்றியது அவன்தான். நடுவில் ஒரு போன் வந்தது. வலது முன்சக்கரத்து ஹோஸ் நட்டுக்குக் கடைசி முறுக்கு கொடுத்தானா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

டார்ச் அடித்தான். ஹோஸ் ஈரமாயிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தான். வழுக்கவில்லை, பிரேக் ஆயில் வழுக்கும். காலையில் தூறலில் வேனைக் கட்டி இழுத்து வந்த ஈரம். துணியால் துடைத்துவிட்டான். ஆனாலும் யாராவது பெடலை மிதித்தால்தான் கசிவு தெரியும்.

சக்கரத்துப் பக்கம் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"கீழ என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"உங்க சித்தப்பா பேசினது எனக்கும் கேட்டுச்சு. நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஏறி உக்காந்து பிரேக்க மிதிச்சுப் பிடிங்க."

வேன் லேசாக அமுங்கியது.

"கால் எட்டலடா. சீட்ட எங்க தள்ளி வச்சிருக்கார் பாரு, ஒட்டகம்!"

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"நுனிக்கு வாங்க அண்ணி. ம்… இப்ப மிதிங்க. நல்லா."

ஹோஸ் விறைத்தது. நட்டைச் சுற்றி ஒரு பொட்டு ஆயில்கூட இல்லை. துடைத்த இடம் துடைத்தபடியே இருந்தது. ஊர்ந்து போய் மற்றதையும் பார்த்தான். எங்கேயும் கசிவில்லை.

"பெடல் இறங்குதா?"

"இல்ல. கல்லு மாதிரி நிக்குது. உன் வேலை சரியாத்தானேடா இருக்கு?" என்றாள்.

"சரியா இருக்கு அண்ணி."

நேற்றிலிருந்து பாதியில் நின்றிருந்த மூச்சு முழுசாக வெளியே வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போதும் அண்ணி. காலை எடுத்துடலாம்."

தலையைத் திருப்பிப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போலிருந்த சுவரில், பிரேக் விளக்கின் சிவப்பு இன்னும் அணையாமல் விழுந்து கிடந்தது.