தலைவலி நோட்டு

19.9.1988, திங்கள். வேகம்: நிமிடத்துக்கு 38 வார்த்தை. பிழை: 6. இது தவிர இன்னொரு தவறு. ரப்பர் கிண்ணத்தில் எண்ணெய் தடவினேன். எண்ணெய் மட்டும் ஆகாது என்று வடிவக்கா சொல்லியிருந்தாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைத்தான் சொல்கிறாள், மல்லாட்டை எண்ணெய் சமையலுக்கு ஆவதுதானே என்று நானாக நினைத்துக்கொண்டேன். ரப்பர் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

எழுதி முடித்த சௌந்தரம் ‘நானாக’ என்பதன் கீழ் ஒரு கோடு போட்டாள். இருபது வயது அவளுக்கு. எதைச் செய்தாலும் அது சரிதானா என்று இன்னொரு தடவை பார்ப்பாள். பார்த்த பிறகும் சந்தேகம் போகாது.

வீடு விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில். வேலை திண்டிவனத்தில், ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எடுப்பது. காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால், மாலை ஐந்துக்குத் திரும்ப ஏறி, ஆறரைக்கு விழுப்புரத்தில் சக்கரபாணி மாஸ்டரின் டைப்ரைட்டிங் வகுப்பில் இருப்பாள். வீடு வந்து சேர எட்டு மணி. இந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒரு பெண் துணி மாற்ற ஓர் இடம் கிடையாது. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. சாவி பியூனிடம். கேட்டால் அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரொம்ப அவசரமா?” என்பான். அந்த ஒரு கேள்விக்காகவே சௌந்தரம் மாதம் மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். தொடை புண்ணாகி, பஸ் படியில் கால் அகட்டி ஏறினாள்.

இதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் பெரியம்மா மகள் வடிவு முதலில் டாம்பானைக் கொண்டுவந்தாள். வடிவு குயிலாப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் வேலை. நூல் தொங்கும் பஞ்சுக் குச்சிகள், ஒரு டப்பா. “உள்ள வச்சிட்டா ஊரு சுத்தி வரலாம்டி. நூலப் புடிச்சு இழுத்துப் போட்டுட வேண்டியதுதான்” என்றாள்.

எங்கே போடுவது என்று வடிவு சொல்லவில்லை. சௌந்தரம் கேட்கவும் இல்லை. ஆகஸ்டு மாதம் ஒரு மாலையில் வகுப்புக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பஞ்சு ஊறிப் பெருத்துக் குழாயை அடைத்துக்கொண்டது. மறுநாள் குழாய்க்காரன் கம்பி விட்டு இழுத்து, நூலோடு அதை வெளியே எடுத்துப் போட்டான்.

சக்கரபாணி மாஸ்டர் ஒன்பது பெண்களையும் வரிசையாக நிற்க வைத்தார். தினமும் ஒவ்வொரு மிஷினுக்கும் ஊதுபத்தி காட்டிப் பொட்டு வைத்த பிறகே உறையை எடுப்பவர் அவர்.

“சரஸ்வதி மேல கை வைக்கிற எடம் இது. யாரு வேல?”

சௌந்தரம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“நேத்து கடைசியா உள்ள போயிட்டு வந்தது யாரு? பாஞ்சாலி, நீதான?”

“நான் இல்ல சார். எனக்கு அது இன்னான்னே தெரியாது சார்.”

“தெரியாதுன்னா உங்கப்பன இட்டுக்கினு வா. அவருகிட்ட பேசிக்கிறேன்.”

இதைப் பேச எந்தப் பெண் அப்பனை அழைத்து வருவாள்? பாஞ்சாலி அன்றோடு நின்றாள். பிப்ரவரி ஹையர் பரீட்சைக்கு அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பப் பாரம் மாஸ்டரின் மேஜை டிராயரிலேயே கிடந்தது. அப்பன் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர்.

அத்தோடு ஒரு புதுச் சட்டமும் வந்தது. பெண்கள் அந்த மூன்று நாளும் மிஷினைத் தொடக் கூடாது. வாசலில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டார். வராத நாளைக் காரணத்தோடு அதில் எழுத வேண்டும். யாரோ ஒருத்தி முதல் வரியில் ‘தலைவலி’ என்று எழுதினாள். பிறகு எல்லாப் பெண்களுக்கும் மாதம் மூன்று நாள் தலைவலி வந்தது. பையன்கள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். “மணி, உனக்கு எப்படா தலைவலி?” என்று ஒருவன் கேட்க, மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

விக்கிரவாண்டியில் ரோட்டோரம் பாஞ்சாலியின் அப்பாவுக்குச் சோற்றுக்கடை. சௌந்தரம் தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போனாள். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு வார்த்தை அடித்த பாஞ்சாலியின் விரல்கள் லாரி டிரைவர்களின் எச்சில் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தன. சௌந்தரம் பஸ்ஸின் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருவதை நிறுத்திக்கொண்டாள்.

டாம்பான் தீர்ந்தது. செப்டம்பரில் வடிவு வேறொன்றைக் கொண்டுவந்தாள். பழுப்பு ரப்பர், சின்ன மணி போல, அடியில் ஒரு காம்பு.

“இத தூக்கிப் போட வேணாம். கொட்டிட்டு, கழுவிட்டு, மறுபடியும் வச்சுக்க. அந்தம்மா புதுசாத்தான் குடுத்தாங்க.”

“நோவுமாக்கா?”

“மொத தபா பேஜாராத்தான் இருக்கும். புள்ள பெத்தவ எனக்கே வேர்த்துப் போச்சு. அப்பறம் இருக்குதான்னே தெரியாது போ.”

முதல் மாதம் பேஜாராகத்தான் இருந்தது. குளிக்கும் தட்டிக்குள் குந்திக்கொண்டு, கிண்ணத்தை இரண்டாக மடித்து உள்ளே தள்ளினாள். பாதியில் விரித்துக்கொண்டு தெறித்தது. எண்ணெய் போட்டதில் விரலை விட்டு வழுக்கியது. இரண்டாம் நாள் காம்பைப் பிடித்து இழுத்தபோது வயிற்றையே பிடுங்குவது போல இருந்தது, வரவில்லை. உள்ளேயே தங்கிவிட்டதென்று நினைத்து, தட்டியில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு வடிவு சொன்னது நினைவு வந்தது. இழுக்கக் கூடாது, அடிப்பக்கம் கிள்ளிக் காற்று விட வேண்டும். கிள்ளினாள். வந்தது.

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போட்டு மூன்று தரம் கழுவினாள். அன்றிலிருந்து டைரியில் வேகத்துக்கும் பிழைக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது. ‘நான்கு தடவை முயன்றேன்.’ ‘மூன்று.’ ‘காம்பு குத்துகிறது, அரை அங்குலம் வெட்டினேன். அதிகமோ?’ ‘ஒரே தடவை.’

அக்டோபரில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. கொடியில் இரண்டு மாதமாகத் துணி காயவில்லை. கெங்கம்மாள் மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

“எத்தினி நாளுடி தள்ளிப் போச்சு? யாருடி அவன்?”

சௌந்தரத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது. உள்ளே போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். எப்படி வைப்பது, எப்படி எடுப்பது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

“கல்யாணம் ஆவாத பொண்ணு உள்ள வக்கிறதாடி இது? நாளைக்கி ஒருத்தன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?” கெங்கம்மாள் கிண்ணத்தை வேலிக்கு அப்பால் குப்பைமேட்டில் வீசினாள்.

“அவன் வரும்போது வரட்டும். பன்னெண்டு மணி நேரம் ஈரத் துணியோட நான்தான ஒக்காந்துக்கினு இருக்கேன், அவனா?”

போய்த் தேடி எடுத்தாள். அம்மாவின் கண் முன்னாலேயே அடுப்பில் வெந்நீர் வைத்து வேக வைத்தாள். அம்மா அந்தப் பாத்திரத்தை அன்றே சமையலறையிலிருந்து விலக்கினாள். ஆனால் கிண்ணத்தை மறுபடி தொடவில்லை.

அந்த மாதமே கிண்ணம் கைக்குப் பழகிவிட்டது. காலையில் வைத்தால் இரவு எடுத்தால் போதும். பியூனிடம் சாவி கேட்கவில்லை. நோட்டில் தலைவலி எழுதவில்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் மிஷினில் உட்கார்ந்தாள், பொட்டு வைத்த விசைகளை அழுத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காகவா பாஞ்சாலி தட்டுத் தேய்க்கிறாள்? அதற்கும் மேலே, தான் வாயைத் திறக்காததற்காகவா?

நவம்பர் வந்தது. பரீட்சைப் பாரங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். செவ்வாய் மாலை மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். சௌந்தரத்தின் பாரம் வந்ததும் தலை நிமிர்ந்தார்.

“பாருங்கம்மா, எல்லாரும் பாருங்க. ரெண்டு மாசமா இந்தப் பொண்ணு நோட்டுல ஒரு தலைவலி இல்ல. இதுதான் குடும்பத்துப் பொண்ணு. கண்டதக் குழாயில போட்டுட்டுக் கம்பிய நீட்டிக்கினு போச்சே ஒண்ணு, அது மாதிரியா?”

சௌந்தரத்தின் விரல்கள் நின்றன. எழுந்தாள்.

“அது நான் போட்டது சார்.”

“இன்னா?”

“குழாயில அடைச்சது நான் போட்டது. பாஞ்சாலி இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தெகிரியம் இல்ல. தலைவலி எனக்கும் மாசாமாசம் வருது சார். இன்னிக்கி ரெண்டாம் நாளு. இந்த மிஷினத் தொட்டு அடிச்சிக்கினுதான் இருக்கேன். எந்த எழுத்து கெட்டுப் போச்சு, காட்டுங்க.”

பையன்கள் பக்கம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சௌந்தரம் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பெண்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து மிஷின் காந்திமதி மட்டும் புத்தகத்தில் கண்ணை வைத்தபடி அடித்துக்கொண்டே இருந்தாள், வேக வேகமாக, பிழையோடு.

மாஸ்டரின் முகம் கறுத்தது. “எந்திரி. வெளிய போ. உங்கம்மாவ வரச் சொல்லு.”

“எங்கம்மா வர மாட்டாங்க. நீங்க பாஞ்சாலியக் கூப்புட்டு மன்னிப்புக் கேளுங்க சார்.”

“யாரு, நானா? ஒரு பொட்டச்சிகிட்டயா?”

“அப்போ ரெண்டு பாரத்தையும் குடுங்க. என்னுது, அவுளுது. வேற எடத்துல கட்டிக்கிறோம்.”

“எடுத்துக்கினு போ! ஜல்தி போ!” அவர் டிராயரை இழுத்துப் பாஞ்சாலியின் பாரத்தை எடுத்து, இரண்டையும் அவள் கையில் கொடுக்காமல் ஸ்டூலின் மேல் போட்டு, ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். பிறகு சொம்பை எடுத்து அவள் உட்கார்ந்திருந்த மிஷினின் மேல் தண்ணீர் தெளித்தார்.

“துரு புடிக்கும் சார்,” என்றாள் சௌந்தரம். பாரங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகும் உடம்பு கொதித்தது. அவர் மேல் பாதி, மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேல் பாதி. வீடு போய்ச் சேர்ந்ததும் டைரியைத் திறந்தாள்.

15.11.1988, செவ்வாய். வேகம்: பார்க்கவில்லை. கிண்ணம்: ஒரே தடவை, கசிவு இல்லை. மாஸ்டரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னது சரியா என்று தெரியவில்லை. பாஞ்சாலியிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நாளை: ஆறேகால் பஸ். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டும். கடையில் கூட்டம் வருவதற்கு முன்னால் பாஞ்சாலியைத் தனியாகக் கூப்பிட்டு, போட்டது நான் என்று சொல்ல வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரத்தைக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டால், மதியம் திண்டிவனத்தில் மார்க்கெட் தெரு இன்ஸ்டிடியூட்டில் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்க வேண்டும்.