பெருநகர் போன தேக்சா

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் தானியேலுக்கு அடுப்பு கிடையாது. சாலவாக்கத்தைச் சுற்றி எந்த ஊரில் கறி விருந்து என்றாலும் பிரியாணி போட அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போக ஆசைப்படுகிறவன்தான். ஆனால் பிழைப்பு பஞ்சாங்கத்தை நம்பி இருந்ததால், முகூர்த்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையை அவன் ஏதாவதொரு மண்டபத்தின் பின்கட்டில்தான் கழித்தான்.

சோபியாவைக் கட்டிப் பதினாலு மாதமாகிறது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. செல்போனுக்குள் போகும் சின்னச் சின்னப் பாகங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, பழுது இருந்தால் தனியே எடுத்துப் போட வேண்டும். கம்பெனி பஸ் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலை ஆறேகாலுக்குக் கூட்ரோட்டில் இறக்கிவிடும். வந்ததும் அவளே உலை வைப்பாள். புருஷன் கைச் சமையல் அவளுக்குக் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில்தான். விருந்து முடிந்து, பாத்திரம் கழுவி, லோடு ஏற்றி, அவன் வீடு வந்து சேர்வதற்குள் அது ஜில்லிட்டுப் போயிருக்கும்.

போன வாரம் தலை வாரிக்கொண்டே ஒரு பேச்சுக்குச் சொன்னாள். "நீ தேக்சா மூடியத் தொறந்தா ஊரே சுத்தி நின்னு மோந்து பாக்குது. கட்டிக்கினவளுக்கு இன்னா வருது? ஆறிப்போன டப்பா."

சொல்லிவிட்டு அவள் மறந்துபோனாள். அவனுக்கு மறக்கவில்லை. ஒரு நாளாவது அவள் எதிரில் மூடியைத் திறந்து, முதல் ஆவி அவள் முகத்தில் அடிக்க வேண்டும் என்று இருந்தது. வியாழக்கிழமை அவள் பஸ் ஏறியதும் உத்திரமேரூர் போய் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தான்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்குச் சமைப்பது எவ்வளவு பெரிய பேஜார் என்று. நூறு பேர், இருநூறு பேர் என்றால் அவன் கை தானாகப் போகும். உப்பை இரண்டு கையாலும் அள்ளி வீசிப் பழகியவன், இப்போது மூன்று விரலில் கிள்ளிக்கொண்டு யோசித்தான். பட்டை எத்தனை? ஒன்றா, அரையா? கேஸ் அடுப்பை நம்பவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லை வைத்து, விறகு மூட்டி, இருப்பதிலேயே சின்ன தேக்சாவை ஏற்றினான். அலுமினியப் பானைதான், வாய் அகலம். கறி அதன் அடியில் எங்கேயோ கிடந்தது.

நாலு மணிக்கு வாசனை தெருவைத் தாண்டியது. தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பவளம் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா தானி, ஆடியில அடுப்பு எரியுது? யாருக்குக் காது குத்தறாங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் ஜெகன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து நின்றார். கறி வெட்டுவதிலிருந்து பந்தி முடியும்வரை தானியேலுடன் நிற்பவர். ஐம்பதைத் தாண்டியவர். இரவல் வாங்கிப்போன பெரிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

"இன்னா மாஸ்டரே, நமக்குச் சொல்லாமே ஆர்டரா?"

என் பொண்டாட்டிக்கு ஆக்குகிறேன் என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் பவளம் அக்கா காதில் விழுந்தால் விடிவதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். நாளைக்கு டீக்கடையில் 'மாஸ்டரே, இன்னிக்கு வூட்ல இன்னா மெனு? துணியும் தோச்சிட்டியா?' என்று ஆரம்பிப்பார்கள். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுவதில் இல்லாத வெட்கம் ஒருத்திக்கு ஆக்குவதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சாம்பிள்ணே," என்றான். "பெருநகர் பார்ட்டிக்கு."

முழுப் பொய்யும் இல்லை. பக்கத்து ஊரான பெருநகரில் வேதாசலம் தன் பேரனுக்கு ஆவணியில் காது குத்துகிறார். சாம்பிள் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெகன் தலையை ஆட்டினார். கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பவளம் அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

தானியேல் அரிசியைக் கொட்டி, தண்ணீர் சுண்டியதும் மூடி போட்டு, விளிம்பைச் சுற்றிலும் மைதா மாவை ஒட்டினான். மூடிமேல் தணலை அள்ளி வைத்தான். இருபது நிமிஷத்தில் தணலைத் தள்ளிவிட்டு, பாத்திரத்தை இறக்கி, சுவரோரம் சாக்கின்மேல் வைத்தான். இனி அவள் வந்து மாவை உடைத்தால் போதும். இலையும் தயிரும் இரண்டு முழம் மல்லியும் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தான்.

திரும்பி வந்தபோது சாக்கு மட்டும் கிடந்தது.

"எங்கக்கா தேக்சா?"

"ஜெகன்தான் எத்துக்கினு போனாரு. பெருநகர்ல அவரு தங்கச்சி வூட்டுக்குப் போறாராம். மாஸ்டருக்கு எதுக்கு ரெண்டு வேலைன்னு கால் வெக்கற எடத்துல வெச்சி, கயிறு போட்டுக் கட்டிக்கினாரு. நீதானேப்பா சாம்பிள்னு சொன்னே?"

தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் போனால் ஒட்டின மாவு ஒட்டினபடி போக வேண்டும். பார்ட்டியின் கண் எதிரில்தான் அதை உடைக்கலாம். நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அந்த மாவுதான் சாட்சி. அந்த விஷயத்தில் ஜெகனைப் போல நாணயமானவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பசியால் செத்தாலும் மாவைத் தொட மாட்டார். ஒரு தட்டுக்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார்.

மூன்று முறை போன் அடித்தான். வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"மாஸ்டரே, தொறந்தாச்சி! பெரியவரு ரெண்டு தட்டு துன்னாரு. முந்நூறு பேருக்கு ஆர்டர் நமக்குத்தான். கறி கொஞ்சம் கம்மியா கீதேன்னாரு, சாம்பிளுக்கு அவ்ளோதான்னு சொல்லிட்டேன்."

"சரிண்ணே," என்று மட்டும் சொல்லி வைத்தான்.

சோபியா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போது, அவன் அணைந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். பக்கத்தில் இரண்டு வாழையிலை, ஒரு தயிர்ப் பாக்கெட், தாளில் சுற்றிய மல்லி.

"இன்னாய்யா இது? வாசன கூட்ரோடு வரைக்கும் வருது. பானையக் காணோம்?"

மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. கறி வாங்கியதிலிருந்து ஜெகன் போன் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். 'எனக்கா?' என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு மறுபடியும் கேட்டாள். முகம் மலர்ந்து வந்தது. சாம்பிள் என்று சொன்ன இடத்துக்கு வந்ததும் சுருங்கிவிட்டது.

"பிரியாணி போவட்டும். வேதாசலம் துன்னா இன்னா, எவன் துன்னா இன்னா. எம் பொண்டாட்டிக்கு ஆக்கறேன்னு சொல்ல ஒனக்கு வாய் வர்ல, பாரு. அத்தத்தான் என்னால தாங்க முடியல. நான் இன்னா திருட்டுப் பண்டமா?"

"இல்ல சோபி, பவளக்கா நின்னுக்கினு இருந்தாங்க. டீக்கடையில கிண்டல் பண்ணுவானுங்க..."

"பண்ணட்டுமே. கம்பெனியில என் லைன்ல அறுவது பொம்பளைங்க. உம்புருஷன் பிரியாணி மாஸ்டராமே, தெனம் ஒனக்கு விருந்துதானேன்னு கேக்கறாங்க. நானும் ஆமாம்னு சொல்லி வெச்சிக்கீறேன். எனக்குக் கேவலமா இல்ல?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவன் எழுந்து போனை எடுத்தான். வாசலில் நின்றபடியே, உள்ளே கேட்கும்படி பேசினான்.

"ஜெகண்ணே, அது சாம்பிள் இல்லண்ணே. சோபிக்கு ஆக்கினது. சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் இருந்து, "அட, சோபி பாப்பா சோத்தையா நான் கயிறு கட்டி எத்துக்கினு வந்தேன்?" என்று ஒரு அலறல். "நானும் நாலு வாய் துன்னுட்டனே! முன்னமே சொல்றதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு?"

உள்ளே சோபியா சிரிப்பது கேட்டது. அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு.

கறி இல்லை. சீரகச் சம்பா அரைக் கிலோ மிச்சம் இருந்தது. வெங்காயம், தக்காளி இருந்தன. குஸ்கா போடலாம். சாதம் வடிக்கும் சின்னப் பாத்திரத்தைக் கழுவி ஏற்றினான். சோபியா முகம் கழுவி, நைட்டியை மாற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்போரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெங்காயம் அரியக் கத்தியை எடுத்தவளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீ குந்து. இன்னிக்கு உனக்கு வேலை கெடையாது."

"மாஸ்டர் சொன்னா சரி."

பவளம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா தானி, மறுபடியும் சாம்பிளா?"

"இல்லக்கா." கனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "சோபிக்கு ஆக்கறேன். எம் பொண்டாட்டிக்கு."

பவளம் அக்கா இடுப்பில் கை வைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தச் சொல்லத்தான் அவ்ளோ பெரிய புளுகா? எங்க வூட்டுக்காரரு சுடுதண்ணிகூட வெக்க மாட்டாரு. இரு, புதினா கீது, கிள்ளிக்கினு வரேன்." போகும்போதே தன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "இன்னாங்க, வெளிய வந்து பாருங்க, புருஷன்னா எப்படி இருக்கணும்னு!"

"போச்சி," என்றான் தானியேல். "நாளைக்கு அந்த அண்ணன் என்னை ஒதைப்பாரு."

"ஒதை வாங்கிக்கோ," என்றாள் சோபியா. மல்லியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூடிக்கு மாவு ஒட்டி, தணல் அள்ளிப் போட்டான். வழக்கமாக அந்த நேரத்தில் அவன் அங்கே நிற்க மாட்டான். அடுத்த தேக்சாவைப் பார்க்கப் போய்விடுவான். இன்று அடுத்தது இல்லை. அவள் லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டான். வயல் பக்கமிருந்து தவளைச் சத்தம் ஆரம்பித்தது.

மாவை அவளையே உடைக்கச் சொன்னான். கரண்டிக் காம்பால் தட்டினாள்; இரண்டாவது தட்டில் விரிசல் விட்டது. மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்து, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடனே பின்வாங்குவாள் என்று நினைத்தான். அவள் குனிந்தபடியே இருந்தாள்.

இலையில் போட்டுக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். பதிமூன்று வருஷத் தொழிலில் ஒரு பந்தியிலும் அவன் இப்படி ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

"இன்னா?" என்றான்.

"கொழஞ்சி போச்சி. உப்பும் ஒரு கல்லு கம்மி."

"தண்ணி கணக்குத் தப்பிப்போச்சி. சின்னப் பாத்திரம்..."

"அடுத்த வாரம் சரியா வெய்யி," என்று சொல்லி, இன்னொரு கரண்டி போடச் சொல்லி இலையை அவன் பக்கம் நகர்த்தினாள்.